ஒரு மானுக்கு ஒரு டேக்: அமெரிக்காவின் வெண்வால் மான் வேட்டை விதிகள் எப்படி வேலை செய்கின்றன?

நவம்பரில் நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டைக்கான துப்பாக்கி சீசன் தொடங்கும். ஒன்பது நாள் நடக்கும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லைசென்ஸ் வாங்கியிருப்பார்கள். பொழுது விடியும் முன்பே காட்டுக்குள்ளும் சோளக் கொல்லை ஓரங்களிலும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பலருக்கு இது தாத்தா காலத்திலிருந்து வரும் வழக்கம்.

மான் வேட்டை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வனத்துறை கைது செய்த செய்திதான். இந்தியாவில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதுதான் நிலைமை. அதனால் அமெரிக்காவுக்கு வந்து சேரும் நம் ஆட்கள் முதலில் கேட்பது நியாயமான கேள்வி: இத்தனை பேர் வருஷா வருஷம் சுட்டால் மான் இனமே அழிந்துவிடாதா? அழியவில்லை. பல கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) மான் அதிகமாகிவிட்டது என்று அரசே பெண் மான்களைச் சுடச் சொல்லிக் கூடுதல் அனுமதி கொடுக்கிறது. ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள, விதிப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

ஒருமுறை அழிந்தேதான் போயிருக்கும்

வெண்வால் மான் வட அமெரிக்காவின் சொந்த விலங்கு. மிரண்டால் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். வாலின் அடிப்பக்கம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். பெயர் அதனால் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இதை வேட்டையாடுவது ஒரு வியாபாரம். ரயில் பாதைகள் வந்த பிறகு, காட்டில் சுட்ட மான் சில நாட்களில் சிகாகோ, நியூயார்க் சந்தைகளுக்குப் போய்விடும். சீசனும் பெயரளவுக்குத்தான், எண்ணிக்கை வரம்பும் பெயரளவுக்குத்தான். போதாததற்குக் காடுகளையும் வெட்டித் தீர்த்தார்கள். 1900 வாக்கில் நாடு முழுவதும் மிஞ்சியவை மூன்று முதல் ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பல மாநிலங்களில் மானைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

அந்த 1900இல்தான் லேசி சட்டம் வந்தது. ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பது கூட்டாட்சிக் குற்றம் ஆனது. மாநிலங்களும் காட்டு மான் இறைச்சியை விற்பதற்குத் தடை போட்டன. இந்தத் தடை இன்றும் இருக்கிறது. அமெரிக்க உணவகத்தில் மான் இறைச்சி பரிமாறினால் அது பண்ணையில் வளர்ந்தது. பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து வந்திருக்கும். காட்டில் சுட்டதைச் சாப்பிடலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் விற்க முடியாது. மற்ற எல்லா விதிகளையும்விட இந்த ஒன்றுதான் மானைக் காப்பாற்றியது என்பேன். காசு கிடைக்காது என்று ஆனதும், தேவைக்கு மேல் கொல்ல யாருக்கும் காரணம் இல்லாமல் போனது.

அடுத்து பணம். 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி, நீளத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் உற்பத்தியாளரிடம் 11 சதவீத வரி வாங்குகிறார்கள். அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை நிலப்பரப்பையும் லைசென்ஸ் வைத்திருப்போர் எண்ணிக்கையையும் பார்த்து முடிவு செய்வார்கள். திட்டச் செலவில் முக்கால் பங்கு வரை இதிலிருந்து கிடைக்கும். கால் பங்கை மாநிலம் போட வேண்டும். கூடவே ஒரு கண்டிப்பான நிபந்தனை: வேட்டை லைசென்ஸ் கட்டணத்தை மாநிலம் வேறு எந்தச் செலவுக்கும் திருப்பிவிடக் கூடாது. சாலை போடவோ சம்பள பாக்கி தீர்க்கவோ அதைத் தொட முடியாது. மான் ஆய்வு, காடு வாங்குவது, வேறு மாநிலத்திலிருந்து மானைப் பிடித்து வந்து விடுவது எல்லாம் இந்தப் பணத்தில் நடந்தவை.

இன்று நாட்டில் சுமார் மூன்று கோடி வெண்வால் மான்கள் இருக்கலாம் என்கிறார்கள். சட்டம் மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் பெரும்பாலான இடங்களிலிருந்து மனிதர்கள் ஏற்கெனவே ஒழித்துவிட்டார்கள். வெட்டிய காடு மறுபடி துளிர்த்தபோது, வாய்க்கு எட்டும் உயரத்தில் இளந்தளிர் கிடைத்தது. மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல், பக்கத்தில் ஒளிந்துகொள்ள ஒரு துண்டுக் காடு, அதற்கு அப்பால் வீட்டுத் தோட்டங்கள் என்று மானுக்குப் பிடித்த இடத்தை நாமே அமைத்துக் கொடுத்தோம்.

மான் யாருடைய சொத்து?

உங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று உங்கள் செடியை மேய்ந்தாலும் அந்த மான் உங்களுடையது இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் வனவிலங்கு மக்கள் அனைவருக்கும் பொது. அவர்கள் சார்பில் அதைப் பொறுப்பில் வைத்திருப்பது மாநில அரசு. நிலத்துக்காரர் தன் நிலத்துக்குள் யாரையும் விடாமல் தடுக்கலாம். மானைச் சுட வேண்டும் என்றால் அவரும் லைசென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும்.

இதனால்தான் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. மினசோட்டாவில் சரியானது எல்லை தாண்டி விஸ்கான்சினில் குற்றமாக இருக்கலாம். நண்பர் சொன்னார், போன வருஷம் இப்படித்தான் இருந்தது என்றெல்லாம் நம்பிக் கிளம்பக் கூடாது. அந்த மாநிலத்தின் இயற்கை வளத் துறை அந்த ஆண்டுக்கு வெளியிட்ட விதிகளைப் படித்தே ஆக வேண்டும்.

இதில் ஒரு முக்கியமான கிளை இருக்கிறது. வட விஸ்கான்சினில் ஓஜிப்வே என்ற பழங்குடி மக்கள் 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோது, அங்கே வேட்டையாடும் உரிமையைக் கைவிடவில்லை. மாநில அரசு அதை வெகுகாலம் மதிக்கவில்லை. 1983இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. இப்போது அந்தப் பகுதியில் பழங்குடியினர் தங்கள் சீசனையும் விதிகளையும் தாங்களே வகுத்துக்கொள்கிறார்கள். அறிவியல் உதவிக்குத் தங்களுக்கென ஓர் ஆணையமும் வைத்திருக்கிறார்கள். இதைச் சலுகை என்று சொல்பவர்கள் உண்டு. தவறு. நிலத்தைக் கொடுத்தபோது எழுதி வைத்துக்கொண்ட உரிமை அது.

கணக்கு முழுவதும் பெண் மானில்தான்

மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ஜார்ஜ் ரிசர்வ் என்று வேலியடைத்த ஓர் ஆய்வு நிலம் இருக்கிறது. 1928இல் அதற்குள் நான்கு பெண், இரண்டு ஆண் என ஆறு மான்களை விட்டார்கள். 1933 டிசம்பரில் வரிசையாக ஆட்களை நடக்கவிட்டு எண்ணினார்கள். 160 இருந்தன. இது எப்படியோ ஒருமுறை நடந்த அதிசயமோ என்று நினைக்கவும் வழியில்லை. 1970களில் சுட்டுக் குறைத்துப் பத்து மானோடு மறுபடி தொடங்கியபோதும் சில ஆண்டுகளில் இருநூறைத் தாண்டிவிட்டது.

காரணம் எளிது. நவம்பரில் இணை சேரும் பெண் மான் சுமார் 200 நாள் சுமந்து மே கடைசியிலோ ஜூனிலோ குட்டி போடும். வளர்ந்த பெண் மானுக்கு நல்ல தீனி கிடைத்தால் இரட்டைக் குட்டிதான் சாதாரணம். சோள வயல் நிறைந்த தென் பகுதியில், பிறந்து ஆறேழு மாதமே ஆன பெண் குட்டிகளில் கணிசமானவை அந்த முதல் நவம்பரிலேயே சினையாகிவிடும். வடக்கே, குளிரும் பட்டினியும் அதிகம் உள்ள காட்டில் அது அவ்வளவாக நடக்காது.

இப்போது ஆண் மானை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண் பல பெண் மான்களோடு சேரும். ஆடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்: பட்டிக்கு ஒரு கிடா போதும், மற்ற கிடாக்குட்டிகளை விற்றாலும் அடுத்த வருஷம் பட்டி குறையாது. மானிலும் அதே கதை. ஆண் மான்களில் பாதியைச் சுட்டாலும் அடுத்த ஜூனில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கும். பெண் மான்களைச் சுட்டால்தான் எண்ணிக்கை அசையும்.

மானைப் பெருக்க வேண்டும் என்றால் பெண் மானைத் தொடாதே. குறைக்க வேண்டும் என்றால் பெண் மானைச் சுடு. இவ்வளவுதான் அடிப்படை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான் அருகிப்போயிருந்தபோது மாநிலங்கள் ‘கொம்புள்ள ஆணை மட்டும் சுடலாம்’ என்று சட்டம் போட்டது முற்றிலும் சரி. சிக்கல் என்னவென்றால், இரண்டு மூன்று தலைமுறை அந்த விதியில் வளர்ந்தவர்களுக்கு அது தர்மமாகவே ஆகிவிட்டது. பெண் மானைச் சுடுபவன் ஆண்மையற்றவன், பேராசைக்காரன் என்று பேசும் அளவுக்கு.

ஆல்டோ லியோபோல்ட் இதில்தான் மாட்டினார். அமெரிக்காவில் வனவிலங்கு மேலாண்மையை ஒரு படிப்பாகவே உருவாக்கியவர், விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1940களின் தொடக்கத்தில் வட விஸ்கான்சின் காடுகளில் குளிர்காலத்தில் மான்கள் பட்டினியால் செத்துக் கிடந்தன. எட்டும் உயரத்தில் ஒரு தளிர்கூட மிச்சமில்லை. பெண் மான்களைக் குறைக்காவிட்டால் மானும் போகும், காடும் போகும் என்று அவர் வாதாடினார். 1943இல் பெண் மான்களையும் சுட அனுமதி வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் கொல்லப்பட்டன. மக்கள் கொதித்துவிட்டார்கள். அவரை எதிர்ப்பதற்காகவே ஒரு பத்திரிகை நடந்தது. அடுத்த ஆண்டே விதி பழையபடி ஆணுக்கு மட்டும் என்று திரும்பியது. அவர் சொன்ன காரணங்கள் சரி என்பதை இன்று இந்தத் துறையில் மறுப்பார் இல்லை. ஆனால் அறிவியல் சரியாக இருந்தால் மட்டும் விதி நிற்காது, வேட்டைக்காரர்களின் மனதும் கூட வர வேண்டும் என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

விதிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

விஸ்கான்சினை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதலில் பயிற்சி. 1973 ஜனவரி 1ஆம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று இல்லாமல் பொதுவாக லைசென்ஸ் வாங்க முடியாது. துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஏன் சுடக் கூடாது, வேலி தாண்டும்போது தோட்டாவை ஏன் எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும்.

அப்புறம் லைசென்ஸ். அது வேட்டைக்குப் போக அனுமதி, அவ்வளவுதான். எந்த மானை, எங்கே, எத்தனை என்பதை டேக் எனப்படும் அனுமதிச் சீட்டு தீர்மானிக்கிறது. ஒரு டேக்குக்கு ஒரு மான். துப்பாக்கி லைசென்ஸோடு கொம்புள்ள ஆண் மான் ஒன்றுக்கான அனுமதி வரும். கொம்பில்லாத மானுக்கான அனுமதி தனி; அது குறிப்பிட்ட கவுண்டிக்கும், பொது நிலமா தனியார் நிலமா என்பதற்கும் ஏற்பக் கொடுக்கப்படும். ஒரு கவுண்டியில் மானைக் குறைக்க வேண்டும் என்றால் இந்த அனுமதிகளை வாரி வழங்குவார்கள். பெருக்க வேண்டும் என்றால் ஒன்றுகூடக் கொடுக்க மாட்டார்கள். வேட்டைக்காரர்களின் கையில் இருக்கும் இந்தச் சீட்டுதான் அரசின் கையில் இருக்கும் கடிவாளம்.

இங்கே ஒரு நுணுக்கம். கொம்பு மூன்று அங்குலமாவது இருந்தால்தான் அது சட்டப்படி ‘கொம்புள்ள மான்’. அந்த வசந்தத்தில் பிறந்த ஆண் குட்டிக்கு நவம்பரில் நெற்றியில் பொத்தான் மாதிரி இரண்டு புடைப்புகள்தான் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பெண் மான் போலவே தெரியும். பெண் மானைக் குறைக்கக் கொடுத்த அனுமதியில் இப்படிக் கணிசமான ஆண் குட்டிகளும் விழுகின்றன. சட்டப்படி தவறில்லை, ஆனால் நோக்கம் நிறைவேறவில்லை. அதனால் பயிற்சியில் தலையின் வடிவத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்: காதுகளுக்கு இடையே தட்டையாக இருந்தால் ஆண் குட்டி, வட்டமாக இருந்தால் பெண். தனியாக வரும் சிறிய மான் என்றால் இன்னும் கவனம் தேவை. தைரியமாக முதலில் வெளியே வருவது பெரும்பாலும் அந்தக் குட்டிதான்.

நேரக் கட்டுப்பாடும் உண்டு. பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் பின்பு வரை. சில இடங்களில் சில நிமிடங்கள் கூடக் குறைய இருக்கும். இரவில் விளக்கடித்து மானை நிறுத்திச் சுடுவது பெரிய குற்றம். ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் பறிபோனால் மற்ற மாநிலங்களிலும் செல்லாதபடி மாநிலங்களுக்குள் உடன்படிக்கை இருக்கிறது.

ஆரஞ்சுச் சட்டை அலங்காரத்துக்கு இல்லை. துப்பாக்கி சீசனில் இடுப்புக்கு மேல் உடுத்தியிருப்பதில் பாதியாவது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும் என்பது விஸ்கான்சின் சட்டம். 2016 முதல் அதே அளவு பளிச்சென்ற இளஞ்சிவப்பும் செல்லும். மானின் கண்ணுக்கு ஆரஞ்சையும் பச்சையையும் பிரித்தறியத் தெரியாது. மனிதக் கண்ணுக்கு அது தூரத்திலிருந்தே அடிக்கும். மானுக்குத் தெரியாமலும் மனிதனுக்குத் தெரியும்படியும் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. வேட்டைக்குப் போகாதவர்களும் அந்த ஒன்பது நாளில் காட்டுப் பாதையில் நடந்தால் ஆரஞ்சு போட்டுக்கொள்வது நல்லது. நாய்க்கும் ஒன்று மாட்டிவிடுங்கள்.

வில் அம்புக்குத் தனி சீசன். செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை நீளும். வில்லுக்கு மான் மிக அருகில் வர வேண்டும், பலருக்கு வாய்க்காது. அதனால் நீண்ட சீசன் கொடுத்தாலும் பாதிப்பு குறைவு. துப்பாக்கிக்கு வலு அதிகம், அதனால் சீசன் குறைவு.

கடைசியாகப் பதிவு. மானைச் சுட்டு எடுத்த மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிந்தாக வேண்டும். 2015க்கு முன்பு மானை வண்டியில் போட்டுப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஊர்க் கடை வாசலில் கூட்டம் கூடி யாருடைய மான் பெரிது என்று பார்க்கும். அது போனதில் பலருக்கு வருத்தம். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. பதிவை வெறும் சம்பிரதாயம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அடுத்து சொல்லப்போகும் கணக்கு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

எண்ணாமலே எண்ணுவது

காட்டில் உள்ள மான்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. விஸ்கான்சினில் வெகுகாலமாகப் பின்பற்றும் முறை, செத்த மான்களிலிருந்து உயிருள்ளவற்றைக் கணக்கிடுவது.

அதற்கு மானின் வயது தெரிய வேண்டும். கொம்பின் கிளைகளை எண்ணினால் வயது தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். தெரியாது, கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைப்பது, தீனியைப் பொறுத்துப் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும். பல்தான் சாட்சி. ஆய்வாளர் விறைத்துப்போன தாடையைக் கம்பியால் நெம்பித் திறந்து, டார்ச் அடித்து, கீழ்த்தாடையின் பக்கவாட்டில் மூன்றாவது கடைவாய்ப் பல்லைப் பார்ப்பார். குட்டியில் அது மூன்று முகடுள்ள பால் பல். சுமார் ஒன்றரை வயதில் அது விழுந்து இரண்டு முகடுள்ள நிரந்தரப் பல் முளைக்கும். நவம்பரில் ஒன்றரை வயது மானைத் திறந்தால் ஒன்று தேய்ந்துபோன மூன்று முகட்டுப் பல் ஆடிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் பக்கத்துப் பற்களில் கறை இருக்க இது மட்டும் புத்தம் புதிதாக வெள்ளையாக எட்டிப் பார்க்கும். இரண்டரை வயதைத் தாண்டியதில் எல்லாப் பல்லும் கறையேறியிருக்கும். பழகியவருக்கு இதற்குச் சில நொடிகள் போதும்.

இனி கணக்கு. ஒரு கவுண்டியில் சுட்ட, குட்டி அல்லாத ஆண் மான்களில் பாதி ஒன்றரை வயதுடையவை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் புதிதாக வந்து சேர்வது பாதி என்றால், மொத்தம் கூடாமல் குறையாமல் இருக்க, ஆண்டுதோறும் பாதி சாகிறது என்று பொருள். அந்த ஆண்டு வேட்டையில் விழுந்த ஆண் மான்கள் ஆயிரம் என்று பதிவாகியிருந்தால், வேட்டை தொடங்கும் முன் குறைந்தது இரண்டாயிரம் ஆண் மான்கள் இருந்திருக்க வேண்டும். ஓர் ஆணுக்கு எத்தனை பெண் என்ற விகிதத்தை வைத்துப் பெண் மான்களையும், கோடையில் ஒரு பெண் மானோடு எத்தனை குட்டிகள் தென்படுகின்றன என்பதை வைத்துக் குட்டிகளையும் கணக்கிடுவார்கள்.

அழகான முறை, ஆனால் ஒரு பலவீனம் உண்டு. வேட்டைக்காரர்கள் இளம் ஆண் மான்களை வேண்டுமென்றே விட்டுவிட்டால் கணக்கு பிசகும். பென்சில்வேனியா 2002 முதல் கொம்புக்கு இத்தனை கிளை இருந்தால்தான் சுடலாம் என்று விதி வைத்திருக்கிறது. இளம் ஆண்கள் தப்பிப் பெரிதாக வளர அது உதவியது. ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது, திருத்தம் செய்தாக வேண்டும்.

வடக்கே குளிர்காலத்துக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, தரையில் பதினெட்டு அங்குலமோ அதற்கு மேலோ பனி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. வெப்பநிலை பாரன்ஹீட் பூஜ்ஜியத்துக்கு, அதாவது மைனஸ் 18 செல்சியசுக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. ஐம்பதுக்குக் கீழே என்றால் மிதமான குளிர்காலம். நூறைத் தாண்டினால் மிகக் கடுமை: குட்டிகள் நிறையச் சாகும், பிழைத்த பெண் மான்களும் நலிந்த குட்டிகளைப் போடும். அடுத்த சீசனில் பெண் மான் அனுமதிகளைக் குறைத்துவிடுவார்கள்.

எத்தனை இருந்தால் சரி?

காடு தாங்கும் எண்ணிக்கை ஒன்று, மனிதர்கள் பொறுத்துக்கொள்ளும் எண்ணிக்கை இன்னொன்று.

முதலாவதைப் பென்சில்வேனியாவின் அலிகேனி காட்டுப் பகுதியில் சோதித்துப் பார்த்தார்கள். வேலியடைத்த நிலங்களில் சதுர மைலுக்கு 10, 20, 38, 64 என்ற அடர்த்தியில் மான்களை வைத்துப் பத்தாண்டு கவனித்தார்கள். 20ஐத் தாண்டியதுமே காட்டின் முகம் மாறத் தொடங்கியது. மானுக்குப் பிடித்த மரக்கன்றுகளும் முட்புதர்களும் குறைந்தன. மான் தொடாத ஒருவகைப் பெரணி தரை முழுக்கப் படர்ந்தது. நடு உயரத்தில் கூடு கட்டும் பறவைகளும் குறைந்தன. மானோ அந்த அடர்த்தியிலும் உயிரோடுதான் இருந்தது. மான் பட்டினியால் சாகத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே மற்ற உயிர்களின் கதை முடிந்துவிடுகிறது. வாயில்லா ஜீவனை ஏன் கொல்ல வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். மான் தின்று தீர்த்த காட்டில் குரல் கொடுக்க முடியாத உயிர்கள் இன்னும் நிறைய இருந்தன.

இரண்டாவது, மனிதர் சம்பந்தப்பட்டது. விவசாயிக்கு மான் குறைய வேண்டும், பயிர் போகிறது. வாகனம் ஓட்டுபவருக்கும் குறைய வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மான் மீது மோதுகின்றன, அதிலும் அக்டோபர், நவம்பரில் அதிகம். வேட்டைக்காரருக்கோ நிறைய மான் கண்ணில் பட வேண்டும். விஸ்கான்சினில் 2014 முதல் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு மான் ஆலோசனைக் குழு இருக்கிறது. விவசாயம், வனத்தொழில், சுற்றுலா, போக்குவரத்து, வேட்டை என்று பல தரப்பினர் உட்கார்ந்து, மானைக் கூட்டுவதா, குறைப்பதா, அப்படியே விடுவதா என்று பரிந்துரைப்பார்கள். கூட்டம் பொதுவில் நடக்கும், யாரும் போய்ப் பேசலாம். இங்கே வசிக்கும் நம்மவர்கள் அங்கே அதிகம் தென்படுவதில்லை. தோட்டம் வைத்திருப்பவர், தினமும் கவுண்டிச் சாலையில் வண்டி ஓட்டுபவர் எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது, போக வேண்டும்.

‘முதலில் பெண் மான், பிறகுதான் ஆண் மான்’ என்றொரு விதியையும் இந்த மாநிலம் 1996இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் பரிசோதித்தது. கொம்பில்லாத ஒன்றைச் சுட்டுப் பதிந்தால்தான் கொம்புள்ளதைச் சுட அனுமதி. எண்ணிக்கையைக் குறைப்பதில் இதைப் போல வேலை செய்த விதி வேறில்லை. கண்முன் பெரிய கொம்போடு ஒரு மான் நிற்க, கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தவர்களுக்கு அது ஆறவே இல்லை. 2011இல் சட்டமன்றமே அதைத் தடை செய்துவிட்டது. எனக்கு அந்த விதி போனதில் வருத்தம்தான்.

நோய் வந்த பிறகு

2002இல் விஸ்கான்சினில் மான்களுக்கு நாட்பட்ட உருக்கு நோய் (Chronic Wasting Disease) இருப்பது தெரியவந்தது. 1967இல் கொலராடோவில் ஆய்வுக்காக அடைத்து வைத்திருந்த மான்களில் முதலில் கவனிக்கப்பட்ட நோய் இது. கிருமி இல்லை, உருக்குலைந்த புரதம்தான் காரணம். எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பரவும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும், சமைத்தாலும் அழியாது. பீடித்த மான் ஒன்றரை வருஷம்கூட வெளியே எதுவும் தெரியாமல் நடமாடும், பிறகு உருகிச் செத்துவிடும். மருந்தோ தடுப்பூசியோ இல்லை.

முதலில், நோய் கண்ட பகுதியில் மான்களையே ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடலாம் என்று திட்டமிட்டார்கள். நிலத்துக்காரர்களும் வேட்டைக்காரர்களும் ஒத்துழைக்கவில்லை, சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். இன்று தென்மேற்குப் பகுதியில் சில இடங்களில் வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த நோய் இருக்கிறது.

மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று எதுவும் இல்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. விஸ்கான்சினில் பரிசோதனை இலவசம். தலையை மாதிரிப் பெட்டியில் போட்டுவிட்டு முடிவு வரும் வரை இறைச்சியைத் தனியாகக் குறித்து உறையவைப்பார்கள். நண்பர் யாராவது மான்கறி கொடுத்தால், எந்தக் கவுண்டி, பரிசோதித்தீர்களா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இந்த நோயால் வந்த விதி ஒன்று வேட்டைக்குப் போகாதவர்களையும் தொடும்: நோய் கண்ட கவுண்டிகளில் மானுக்குத் தீனி வைக்கக் கூடாது. கொல்லையில் சோளம் கொட்டி வைத்தால் பல மான்கள் ஒரே இடத்தில் வாய் வைக்கும், எச்சில் கலக்கும். பாசத்தில் வைக்கும் தீனியே நோயைப் பரப்பும்.

சுடாமல் முடியாதா?

நகரத்துக்குள் துப்பாக்கி எடுக்க முடியாத இடங்களில் வேறு வழிகளைப் பார்க்கிறார்கள். நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் ஐலண்டில் 2016 முதல் ஆண் மான்களை மயக்க ஊசியில் வீழ்த்திக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்கிறார்கள். நீரால் சூழப்பட்ட தீவு, பணம் இருக்கும் நகரம் என்பதால் அங்கே அது ஓரளவு சாத்தியம். திறந்த நாட்டுப்புறத்தில் லட்சக்கணக்கான மான்களைப் பிடித்து ஊசி போட எந்த மாநிலத்திடமும் ஆளும் இல்லை, காசும் இல்லை. ஓநாய்கள் வட விஸ்கான்சினுக்குத் திரும்பியிருக்கின்றன, அது நல்லது; ஆனால் மான் அதிகம் உள்ள தென்பகுதி விவசாய நிலத்தில் அவற்றுக்கு இடம் இல்லை.

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க டெக்சாஸுக்குப் போகலாம். அங்கே 1932 வாக்கில் கொண்டுவந்து விட்ட மான் நம் புள்ளிமான். இன்று மலைப்பகுதியில் காட்டில் தன்னிச்சையாகத் திரிகிறது. அயல் விலங்கு என்பதால் அதற்கு மூடிய சீசன் இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை. லைசென்ஸும் நிலத்துக்காரர் அனுமதியும் இருந்தால் ஆண்டு முழுவதும் சுடலாம். அப்படியும் அது குறையவில்லை.

விஸ்கான்சினின் இன்றைய கவலையும் சுடும் கைகள் குறைவது பற்றியதுதான். 2000ஆம் ஆண்டில் எல்லா சீசனும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் விழுந்தன. அதன் பிறகு அந்த அளவை எட்டவே இல்லை. வேட்டைக்காரர்களுக்கு வயதாகிறது, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் காட்டுக்கு வருவதில்லை. தெற்குக் கவுண்டிகளில் ஒரு லைசென்ஸுக்கே பல பெண் மான் அனுமதிகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒன்றிரண்டு மான் போதும், அதற்கு மேல் உறைபெட்டியில் இடம் இல்லை. இதற்காகவே 2000 முதல் தானத் திட்டம் ஒன்று நடக்கிறது: கூடுதலாகச் சுட்ட மானைப் பதிவு செய்த இறைச்சிக் கடையில் கொடுத்துவிட்டால், வெட்டும் கூலி கொடுத்தவருக்குக் கிடையாது, கறி அரைபட்டு உணவு வங்கிக்குப் போய்விடும். நோயுள்ள கவுண்டி என்றால் பரிசோதனை முடிவு வரும் வரை அது அங்கே காத்திருக்கும்.